மாரியில் நிரம்பும் தாங்கி, கோடையில் வாடும் கத்தரி

மழைநீர் சேகரிப்பைப் பற்றிக் கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் பேசாதவர்கள் குறைவு. கோடையின் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கி, வளவில் நிற்கும் கத்தரியும் வெண்டியும் நண்பகலில் இலையைத் தொங்கப் போட்டதும் இந்தப் பேச்சு எழுந்துவிடும். "மாரியில் எவ்வளவு தண்ணீர் வீணாகப் போகிறது, ஒரு தாங்கியை வாங்கி வைத்தால் கோடை முழுக்கத் தோட்டம் செய்யலாமே" என்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அப்படி நம்பி ஆயிரம் லீற்றர் தாங்கியை வாங்கியவர்கள், ஜூலையில் அது காலியாக நிற்பதைப் பார்த்து, "இதெல்லாம் சரிவராது" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

தாங்கி வைத்ததில் பிழை இல்லை. அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீட்டுத் தோட்டம் செய்யும் ஒருவருக்கு இதில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன். குடிநீருக்காக மழைநீரைச் சேர்ப்பதற்கு வேறு கவனங்கள் தேவை. அதை இங்கே தொடவில்லை.

## முதலில் மழையை லீற்றராக மாற்றுவோம்

வானிலை அறிக்கையில் "50 மில்லிமீற்றர் மழை" என்று சொல்வதைக் கேட்கிறோம். மழை எங்கும் ஓடாமல், நிலத்தில் ஊறாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்பதுதான் அந்த அளவு. ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லீற்றர். இந்த ஒரு கணக்கு கைவசம் இருந்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

கூரையின் பரப்பை அளக்கும்போது பலர் ஏணி வைத்து ஏறிச் சரிவை அளக்கிறார்கள். அது தேவையில்லை. கூரை எவ்வளவு சரிவாக இருந்தாலும், அது நிலத்தில் எவ்வளவு இடத்தை மூடி நிற்கிறதோ அந்த அளவு மழையைத்தான் பிடிக்கும். தாவாரத்தின் ஓரம் வரை நிலத்தில் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கினால் போதும்.

விழுந்த மழை முழுவதும் தாங்கிக்கு வந்து சேராது. ஓடு கொஞ்சம் குடிக்கும், சூடான தகரத்தில் விழும் முதல் துளிகள் ஆவியாகும், கொட்டும் மழையில், தாவாரத்தில் தண்ணீரை ஏந்தும் பீலியைத் தாண்டிக் கொஞ்சம் தெறிக்கும். விழுந்த மழையில் எத்தனை பங்கு வந்து சேர்கிறது என்று காட்டும் எண்ணுக்கு வழிந்தோடல் குணகம் என்று பெயர். ஓட்டுக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் இதை 0.8 என்று வைத்துக்கொண்டால் வீட்டுக் கணக்குக்குப் பெரிய பிழை வராது.

இனி ஓர் உதாரணம். வீட்டின் ஒரு பக்கத்துக் கூரை மட்டும் பீலியில் விழுகிறது. அது மூடும் நிலம் 40 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 430 சதுர அடி. 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 400 லீற்றர் விழும், அதில் 320 லீற்றர் தாங்கிக்கு வரும். மாரியில் ஒரே நாளில் 30 மில்லிமீற்றர் பெய்வது எங்களுக்குச் சாதாரணம். அப்படி ஒரு நாளே ஆயிரம் லீற்றர் தாங்கியை ஏறத்தாழ நிரப்பிவிடும்.

ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இன்னும் மலைப்பாக இருக்கும். மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த அரைக் கூரையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 51,000 லீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் தாங்கிகள் 51 நிரம்பும் அளவு தண்ணீர் இறங்குகிறது.

ஆகவே தண்ணீர் போதாது என்பது எங்கள் சிக்கலே இல்லை. சின்னக் கூரையிலிருந்தும் ஏராளமாகக் கிடைக்கிறது.

## மழையும் தேவையும் வெவ்வேறு மாதங்களில்

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. வடகீழ்ப் பருவமழைதான் எங்கள் மழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. கொழும்பும் காலியும் மே, ஜூனில் தென்மேல் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும்போது, அதே காற்று மலைநாட்டில் ஈரத்தை உதிர்த்துவிட்டு எங்கள் பக்கத்துக்கு வறண்ட கச்சானாக இறங்குகிறது. அந்தக் காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். ஜூன், ஜூலையில் பெய்யும் மழை பெரும்பாலும் சில பத்து மில்லிமீற்றரோடு முடிந்துவிடும்.

இதை நெல்லோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பெரும்போகம் வெட்டி முடிந்ததும் நெல் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. வீட்டுக்குச் சாப்பாட்டு நெல் ஒதுக்கும் அம்மா, மொத்தம் எத்தனை மூட்டை விளைந்தது என்பதோடு கணக்கை முடித்துவிடுவதில்லை. அடுத்த நெல் வரும் வரை எத்தனை மாதம், மாதத்துக்கு எத்தனை மூட்டை போகும், அத்தனையும் வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். வயலில் 51 மூட்டை விளைந்தாலும், வீட்டில் ஒரு மூட்டை வைக்கத்தான் இடம் என்றால், கையில் நிற்பது அந்த ஒரு மூட்டைதான்.

கூரை என்பது வயல், தாங்கி என்பது நெல் வைக்கும் அறை, பாத்திகள் என்பவை சாப்பிடும் வாய்கள். மாரியில் அந்த வாய்களுக்குப் பசியே இல்லை. பாத்தி ஏற்கெனவே நனைந்து கிடக்கிறது. தாங்கி அப்போது நிரம்பி, தினமும் வழிந்து, ஒரு வாளி தண்ணீரும் எடுக்கப்படாமல் நிற்கிறது.

தேவைப் பக்கத்தையும் எண்ணில் பார்ப்போம். கோடை வெயிலில் காய்கறிப் பாத்தி ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் கேட்கும். 20 சதுர மீற்றர் தோட்டத்துக்கு அது 100 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி பத்து நாளில் தீரும். மே முதல் செப்டெம்பர் வரை ஐந்து மாதத்துக்கு இடையில் விழும் சிறு மழைகளைக் கழிக்காமல் பார்த்தால் 15,000 லீற்றர் வேண்டும். அவ்வளவு பெரிய தாங்கி கட்டுவது பெரும்பாலான வீடுகளில் வளவுக்கும் கட்டுப்படியாகாது, பணத்துக்கும் கட்டுப்படியாகாது.

## அப்படியென்றால் சிறிய தாங்கி எதற்கு?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு தாங்கியின் பயனை அதன் கொள்ளளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆண்டுக்கு எத்தனை தடவை நிரம்பி, செலவாகி, மறுபடி நிரம்புகிறது என்பதே முக்கியம். இந்த நிரம்பித் தீர்வதை ஒரு சுழற்சி என்று சொல்லலாம். ஆண்டுக்குப் பத்துச் சுழற்சி கிடைத்தால் அந்தச் சின்னத் தாங்கி 10,000 லீற்றர் தந்ததாகக் கணக்கு.

சுழற்சி கிடைக்கும் காலம் உச்ச மாரியும் இல்லை, உச்சக் கோடையும் இல்லை. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் வரையும்தான். அந்த மாதங்களில் அவ்வப்போது ஒரு மழை வரும். பிறகு ஒரு கிழமையோ பத்து நாளோ வெயில் எரிக்கும். மறுபடி ஒரு மழை. அந்த இடைவெளியைக் கடத்துவதற்குத்தான் ஆயிரம் லீற்றர் சரியான அளவு. நாற்று நட்ட முதல் இரண்டு கிழமையில் மண் காயாமல் இருந்தால் மிளகாயும் கத்தரியும் வேர் பிடித்துவிடும். பயற்றையில் பூ வரும் நேரத்தில் ஒரு கிழமை தண்ணீர் தவறினால் பூ உதிரும். இப்படிப்பட்ட நேரங்களில் தாங்கி தன் விலையைத் திருப்பித் தருகிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: புதிதாகத் தொடங்குபவர் பெரிய தாங்கி வாங்க வேண்டாம். 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் இரண்டோ, ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றோ போதும். ஜூலை, ஓகஸ்ட்டுக்கான விடை வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

## மணலில் தாங்கி நிற்பது

ஆயிரம் லீற்றர் தண்ணீரின் எடை ஒரு தொன். கடலுக்கும் வாவிக்கும் இடையிலான எழுவான்கரையில் எங்கள் வளவுகள் மணல். காய்ந்த மணல் எடையை நன்றாகவே தாங்கும். ஓடும் தண்ணீருக்கு முன்னால்தான் அது நிற்காது. மாரி முடிந்த பிறகு தாங்கிகளின் அடியைக் குனிந்து பார்த்தால் ஒரே மாதிரியான சேதத்தைப் பல வீடுகளில் காணலாம். வழியும் தண்ணீர் குழாயிலிருந்து தாங்கியின் ஓரமாகவே கொட்டி, அடுக்கிய சீமெந்துக் கற்களின் ஒரு மூலைக்குக் கீழே கையை நுழைக்கும் அளவுக்குக் குழி பறித்திருக்கும். தாங்கி அந்தப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். சாய்ந்த தாங்கி குழாயை இழுத்து, திருகு பொருத்திய இடத்தில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு விழுந்திருக்கும். அதன் வழியாக இரவும் பகலும் சொட்டும். "தாங்கியில் தண்ணீர் நிற்பதில்லை" என்ற முறைப்பாட்டின் காரணம் பல தடவை இந்த வெடிப்புத்தான்.

இதற்குப் பரிகாரம் மலிவு. வழிந்தோடும் குழாயை ஒரு துண்டு நீட்டி, தாங்கியிலிருந்து ஆறு, ஏழு அடி தள்ளி வாழையடிக்கோ தென்னையடிக்கோ விடுங்கள். அடியில் தனித்தனிக் கற்களை அடுக்காமல் ஒரே தளமாகக் கொங்கிறீற்று போடுங்கள்.

தளத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்றும் கேட்பார்கள். பூவாளியோ வாளியோ குழாயடியில் நுழைந்தால் போதும், இரண்டு அடி. தாங்கியின் நீர்மட்டம் தோட்டத்துக் குழாய் வாயைவிட ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம், 10 மீற்றர் உயர நீர்க்கோபுரம் தரும் அழுத்தத்தில் பத்தில் ஒன்றுதான். அதனால் தண்ணீர் பீறிட்டுத் தெளிக்காது, அமைதியாக ஓடும். பாத்திக்கு அது போதும். தெளிப்பான் பூட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று தாங்கியைக் குறை சொல்வது சரியில்லை.

பீலிக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுங்கள். வாட்டம் இல்லாத பீலியில் இலை படிந்து தண்ணீர் தேங்கும்.

## முதல் மழையை என்ன செய்வது?

பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் மழையின் தொடக்கத்தில் கூரையிலிருந்து இறங்குவது தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் கலந்த தண்ணீர். இதை முதல் கழுவல் நீர் என்பார்கள். குடிநீருக்கு அதைக் கட்டாயம் விலக்க வேண்டும். தோட்டத்துக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். பறவை எச்சம் செடிக்கு உரம்தான். ஆனாலும் சருகும் சேறும் தாங்கிக்குள் போனால் அடியில் படிந்து அழுகி, குழாயை அடைக்கும். இறங்கு குழாயின் வாயில் ஒரு வலையும், முதல் சில நிமிடத் தண்ணீரைத் தென்னையடிக்குத் திருப்பிவிட ஒரு பிரி குழாயும் இருந்தால் நல்லது.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் காரணம் உண்டு. கடலிலிருந்து வீசும் காற்று உப்புத் துளிகளைக் கூரையில் படியவைக்கிறது. அதே காற்றுத்தான் தகரத்தையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கிறது. கல்லடி, நாவலடி, மருதமுனை, திருக்கோவில் போன்ற இடங்களில் கடலோர வீடுகளில் இருப்பவர்கள் முதல் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாமல், உப்பைத் தாங்கும் தென்னைக்கு விடலாம்.

அஸ்பெஸ்ரஸ் கூரை உள்ளவர்கள் தகடுகளை உலர்ந்த நிலையில் தேய்த்துக் கழுவவோ, குழாய் பூட்டுவதற்காகத் துளைக்கவோ கூடாது. ஆபத்து அதன் தூளைச் சுவாசிப்பதில் இருக்கிறது.

## நுளம்பு: இதைத் தட்டிக்கழிக்க முடியாது

மட்டக்களப்பில் மாரிக்குப் பிறகு டெங்கு வருவதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. திறந்த பரல் ஒன்றை வைப்பதைவிட மழைநீர் சேகரிக்காமலே இருப்பது மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

டெங்கு நுளம்பு முட்டை இடும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தண்ணீருக்கு நடுவில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டவைக்கிறது. அந்த முட்டைகள் தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் மறுபடி ஏறி அவற்றைத் தொட்டதும் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு கிழமையிலிருந்து பத்து நாளுக்குள் நுளம்பாகிப் பறக்கும். நிரம்பியும் தீர்ந்தும் கொண்டிருக்கும் பரல் அதற்கு மிகவும் தோதான இடம். ஆகவே பரலைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கும் வாய், வழியும் வாய் இரண்டுக்கும் நுளம்பு வலை கட்ட வேண்டும். வழியும் வாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒளி புகாத கறுப்புத் தாங்கியாக இருந்தால் பாசியும் பிடிக்காது.

தாங்கியைப் பற்றி இதுவரை சொன்னது: அது சில நாட்களைக் கடத்தும் பாலம். உறுதியான தளம், தள்ளி வழியும் குழாய், வலை ஆகிய மூன்றும் அதற்குக் கட்டாயம்.

## பெரிய தாங்கி காலடியில் இருக்கிறது

மழைநீர் சேகரிப்பு என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தண்ணீரைப் பாத்திரத்தில் வைப்பது. மற்றது, நிலத்துக்குள் இறக்குவது. இரண்டாவதற்கு நிலத்தடி நீர் மீள்நிரப்பல் என்று பெயர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் எங்கள் மணல் நிலத்தின் அடியில் நடப்பது அருமையான ஒன்று. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரோடு முழுவதுமாகக் கலந்துவிடாமல், அதன் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்றே எடை குறைந்தது என்பதே காரணம். நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும் இந்த நன்னீர்ப் படைக்கு நன்னீர் வில்லை என்று பெயர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், ஏட்டுக் கணக்கின்படி கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கலாம். உண்மை நிலத்தில் அவ்வளவு ஆழம் கிடைக்காது. ஆனாலும் மேலே சிறிது குறைந்தால் கீழே பெரிதாகக் குறையும் என்ற உறவு மாறாது. மோட்டார் போட்டு நீண்ட நேரம் இறைத்தால் கிணறு உவர்ப்பதன் காரணம் இதுதான். 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கரையோரக் கிணறுகளையும் பெரும்பாலும் பிறகு வந்த மாரிகள்தாம் திருப்பித் தந்தன. அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் இறைத்தது பல இடங்களில் உதவவில்லை.

அப்படியானால் எல்லோரும் குழி தோண்டி மழைநீரை இறக்க வேண்டுமா? இதில் நேர்மையாக ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வெறும் மணல் வளவில் கூரைத் தண்ணீர் தாவாரத்தடியிலேயே ஊறிவிடும். அங்கே குழியால் கிடைக்கும் ஆதாயம் சிறிது. முற்றம் முழுவதும் சீமெந்து போட்டு, தண்ணீரை வடிகானுக்கு அனுப்பும் வீடுகளுக்குத்தான் குழி மிகவும் தேவை. டிசம்பரில் நிலத்தடி நீர் மேலே ஏறி, இரண்டு அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடங்களில் குழி எதையும் ஏற்காது. அது வேலை செய்வது மாரியின் தொடக்கத்திலும் சித்திரை மழையிலும்தான். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் களி கலந்த வயல் மண்ணில் தண்ணீர் மெதுவாக இறங்கும் என்பதால் அங்கே குழி அகலமாக இருக்க வேண்டும்.

குழியை மலசலகூடக் குழிக்கு அருகில் தோண்டக் கூடாது. கூரைத் தண்ணீரை வடிகட்டாமல் நேரே கிணற்றுக்குள் விடவும் கூடாது. எங்கள் கிணறுகள் ஆழமற்றவை. மேலே போடும் அழுக்கு கீழே போகும் தூரம் குறைவு.

## ஜூலைக்கான விடை

நிலத்தடி நீர் கிணற்றுக்கு உதவும். ஆனால் கத்தரியின் வேர் தொடுவது மேல் மண்ணின் ஓரிரு அடியைத்தான். மணல் தண்ணீரை அந்த மேல்மட்டத்தில் பிடித்து வைப்பதில்லை. ஊற்றியது கீழே நழுவிவிடுகிறது. அதனால் தோட்டக்காரர் கட்ட வேண்டிய உண்மையான தாங்கி அந்த மேல் மண்தான். மாட்டெருவும் மக்கிய குப்பையும் சேர்ந்த மணல் ஈரத்தை நின்று பிடிக்கும். அதன் மேல் வைக்கோலோ சருகோ பரப்புவதற்கு மூடாக்கு என்று பெயர். வெயிலும் கச்சானும் மண்ணை நேரே தொடாமல் அது தடுக்கிறது.

தென்னைக்கு இதையே இன்னும் ஆழமாகச் செய்வார்கள். மரத்தைச் சுற்றிக் கிடங்கு வெட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் மண் போட்டு மூடுவது பழைய வழக்கம். பொச்சு தன் எடையைப்போலச் சில மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்து, கோடையில் மெல்ல விடுகிறது. மாரி தொடங்குமுன் இந்தக் கிடங்கை வெட்டி, தாங்கியின் வழிந்தோடும் குழாயை அதற்குள் விட்டால், தாங்கி ஏற்க முடியாத அந்த ஐம்பதாயிரம் லீற்றரில் ஒரு பங்கு வீட்டுக்குப் பயன்படும்.

காய்கறிக்கு மினுக்கு மெழுகு பூசாத மண்பானைகளைக் கழுத்தளவு புதைத்து, நிரப்பி, மூடிவைக்கலாம். தண்ணீர் பானையின் சுவர் வழியாகக் கசிந்து வேரடிக்கு மட்டும் போகும். காற்று கொண்டுபோவது மிகக் குறைவு. பானையையும் மூடித்தான் வைக்க வேண்டும், நுளம்புக்காக.

## தொடங்குமுன் ஒரு மாரி அளந்து பாருங்கள்

2005ஆம் ஆண்டு இலங்கையில் தேசிய மழைநீர்க் கொள்கை ஒன்று வந்தது. 2007இல் நகரப் பகுதிகளின் புதிய கட்டடங்களுக்காகச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆனால் உங்கள் கூரைக்கும் உங்கள் பாத்திக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதை நீங்களே அளந்துதான் அறிய வேண்டும்.

நேரான சுவருள்ள ஒரு பால்மா தகரத்தை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில், காற்றில் சாயாதபடி மணலில் பாதி புதைத்து வையுங்கள். காலையில் அடிமட்டத்தை (அளவுகோலை) உள்ளே விட்டு எத்தனை மில்லிமீற்றர் நிற்கிறது என்று பாருங்கள். அதைக் கூரைப் பரப்பால் பெருக்கி, 0.8ஆல் பெருக்கி, பழைய கொப்பி ஒன்றில் திகதியோடு எழுதுங்கள். எழுதியதும் தகரத்தைக் காலி செய்துவிடுங்கள். மழை இல்லாத நாட்களில் பாத்திக்கு எத்தனை வாளி ஊற்றினீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். பங்குனி முடிவில் அந்தக் கொப்பியைப் புரட்டி, இரண்டு மழைகளுக்கு இடையில் வந்த மிக நீண்ட வெயில் இடைவெளி எத்தனை நாள் என்று எண்ணி, ஒரு நாள் செலவால் பெருக்கினால், நீங்கள் வாங்க வேண்டிய தாங்கியின் அளவு கிடைத்துவிடும்.